கடாத்தலை உத்தரம்

பொம்பெய் நகரின் மதிலுக்கு வெளியே 'மர்மங்களின் மாளிகை' என்றொரு வீடு இருக்கிறது. 1909இல் தோண்டத் தொடங்கினார்கள். அதன் ஓர் அறையில் செக்கச்செவேல் என்ற சுவர்களில் ஆளுயர உருவங்கள், நடுவே மதுவின் தெய்வமான தயோனிசஸ். வருகிறவர்கள் எல்லாம் அந்த அறைக்குத்தான் முண்டியடிப்பார்கள். அதே வீட்டின் இன்னொரு பக்கத்தில் திராட்சை பிழியும் ஆலை ஒன்று உண்டு. அதன் பெரிய உத்தரத்தின் முனையில் செம்மறிக் கடாவின் தலை. மரம் பிற்காலத்தில் செய்து வைத்ததுதான். ஆனாலும் ரோமானிய 'வில்லா' என்றால் என்ன என்று கேட்டால், நான் ஓவியத்தைக் காட்டமாட்டேன். இந்தக் கடாத்தலையைத்தான் காட்டுவேன்.

வில்லா என்றதும் சொகுசு பங்களா நினைவுக்கு வருவது மனை விற்பவர்களின் விளம்பரம் செய்த வேலை. லத்தீனில் அது பண்ணை வீடு. பண்ணையார் வந்து தங்க ஒரு பகுதி, வேலையாட்களுக்கும் மாடுகளுக்கும் ஒரு பகுதி, விளைச்சலைப் பிழியவும் சேர்க்கவும் ஒரு பகுதி. மூன்றாவது பகுதிதான் முதல் பகுதிக்குப் படியளந்தது.

ஆலை வேலை செய்யும் விதம் எளிது. பறித்த பழத்தை முதலில் தொட்டியில் கொட்டிக் காலால் மிதிப்பார்கள். மிஞ்சும் சக்கையிலும் நிறையச் சாறு இருக்கும். அதைக் குவித்து மேலே பலகை வைத்து, உத்தரத்தை அதன்மேல் படியவிடுவார்கள். உத்தரத்தின் ஒரு முனை தரையில் நட்ட கம்பங்களுக்கிடையே மாட்டியிருக்கும். மறுமுனையில் கயிறு, கயிறு ஓர் உருளையில் சுற்றியிருக்கும். ஆட்கள் கம்பிகளைச் செருகி உருளையைத் திருகத் திருக, உத்தரம் இறங்கிச் சக்கையை நசுக்கும். எலுமிச்சம்பழம் பிழியும் கருவியும் இதே நெம்புகோல்தான், அளவுதான் வேறு. கி.மு. இரண்டாம் நூற்றாண்டில் வேளாண்மை நூல் எழுதிய கேட்டோ, உத்தரம் 25 அடி இருக்கவேண்டும் என்கிறார். ரோமானிய அடி நம் அடியைவிடக் கொஞ்சம் குட்டை. அப்படியும் ஏழு மீட்டருக்கு மேல்.

சாறு வாய்க்கால் வழியே ஓடிப் போய்ச் சேரும் இடம் தாழி. வெசூவியஸ் மலையடியில் பொஸ்கொரியாலே என்ற ஊரில் 'வில்லா ரெஜினா' என்ற சிறு பண்ணை கி.பி. 79இல் எரிமலைச் சாம்பலில் புதைந்தது. அதன் முற்றத்தில் 18 தாழிகள் கழுத்துவரை மண்ணுக்குள் இறங்கி நிற்கின்றன. எல்லாம் சேர்ந்து ஏறக்குறைய 10,000 லிட்டர் பிடிக்கும். ஏன் புதைத்தார்கள்? புளிக்கும்போது சாறு சூடேறும். சூடு மிஞ்சினால் மது கெடும். மண் அந்தச் சூட்டை வாங்கிக்கொண்டு, வெயில் ஏறினாலும் இறங்கினாலும் தாழியை ஒரே நிதானத்தில் வைத்திருக்கும். உட்புறம் கசியாமலிருக்கப் பிசின் பூசினார்கள். நல்ல வேலைப்பாடு.

பிறகு மது கூர் அடிச் சாடிகளில் ஏறித் துறைமுகம் போனது. அந்தச் சாடிகளில் சில நம் கரைக்கும் வந்தன. புதுச்சேரிக்குப் பக்கத்து அரிக்கமேட்டில், 1945இல் தொல்லியலாளர் வீலர் தோண்டிய இடத்தில், மத்தியதரைக்கடல் நாட்டு மதுச் சாடிகளின் உடைசல்கள் கிடைத்தன. யவனர் கொண்டுவந்த மதுவைப் புறநானூறும் அறியும்.

பண்ணையார் பெரும்பாலும் ஊரில் இருப்பதில்லை. அப்படியொரு பண்ணையாரான இளைய பிளினி தன் கடலோர வில்லாவின் வெயிலையும் காற்றையும் பக்கம் பக்கமாக வர்ணித்தவர். ஆனால் கணக்கிலும் கண் உண்டு: ஒருமுறை திராட்சை விளைச்சலை வாங்கிய வியாபாரிகளுக்கு நஷ்டம் வந்தபோது, விலையில் எட்டில் ஒரு பங்கைத் தள்ளிக் கொடுத்ததாகக் கடிதம் எழுதியிருக்கிறார்.

உருளையைத் திருகியவர்கள் கடிதம் எழுதவில்லை. பெரும்பாலும் அடிமைகள், மேலே ஒரு கங்காணி, அவனும் அடிமையே. கிழட்டு மாட்டையும் ஓட்டை வண்டியையும் விற்கும்போது, வயதான அடிமையையும் நோயாளி அடிமையையும் சேர்த்து விற்றுவிடு என்று கேட்டோ பட்டியல் போடுகிறார். தாழிக்குக் காட்டிய அக்கறை ஆளுக்கு இல்லை. வர்ரோ என்ற இன்னொருவர் பண்ணைக் கருவிகளை வகைப்படுத்தும்போது அடிமையைப் 'பேசும் கருவி' என்கிறார்.

2021இல் பொம்பெய்க்கு வெளியே சிவிட்டா ஜூலியானா என்ற இடத்து வில்லாவில் அடிமைகள் தங்கிய ஓர் அறையைத் திறந்தார்கள். 16 சதுர மீட்டர். உயரத்தில் சின்னதாக ஒரு ஜன்னல். கயிறு பின்னிய மூன்று கட்டில்கள், இரண்டு 1.70 மீட்டர், ஒன்று 1.40 மீட்டர்தான். கட்டிலுக்கு அடியில் சில மண்பாண்டங்கள், ஒரு பெட்டியில் குதிரைச் சேணத்தின் உலோகத் துண்டுகள், வண்டியின் ஏர்க்கால் ஒன்று. மூலையில் எட்டுச் சாடிகள் அடுக்கியிருந்தன, அதற்கென்றே அந்த இடத்தைக் காலியாக விட்டிருந்தார்கள்.