இருமலா, நிமோனியாவா? சுகாதாரப் பணியாளருக்கு கையடக்கக் கணினி எப்படி உதவுகிறது?

10 மாதக் குழந்தைக்கு விடாத இருமல். சாதாரண சளியா, நிமோனியாவா? டாக்டர் இல்லாத கிராம சுகாதார மையத்தில் இதை முடிவு செய்ய வேண்டியவர் அங்கிருக்கும் சுகாதாரப் பணியாளர்தான். ஆப்பிரிக்க நாடான தான்சானியாவின் கிராமங்களில் இது அன்றாட நிலைமை.

வழிகாட்டி இருக்கிறதா?

இருக்கிறது. 5 வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்காக உலக சுகாதார நிறுவனமும் யுனிசெஃப்பும் 1990-களில் உருவாக்கிய ஐ.எம்.சி.ஐ வழிகாட்டி அது.

முதலில் 4 கேள்விகள். குழந்தையால் பால் குடிக்க முடிகிறதா? குடித்ததெல்லாம் வாந்தியாக வருகிறதா? வலிப்பு வந்ததா? துவண்டுபோய், நினைவில்லாமல் கிடக்கிறதா? ஆபத்து அறிகுறி ஒன்று இருந்தாலும் உடனே ஆஸ்பத்திரிக்கு அனுப்ப வேண்டும்.

இருமல் என்றால், அழாமல் இருக்கும்போது ஒரு முழு நிமிடம் மூச்சை எண்ண வேண்டும். 2 மாதம் முதல் ஒரு வயதுக்குள் என்றால் 50, அதற்கு மேல் 5 வயதுக்குள் என்றால் 40. இதைத் தொட்டாலே வேகமான மூச்சு. அதாவது, 45 மூச்சு என்பது 10 மாதக் குழந்தைக்கு வேகமில்லை. 2 வயதுக் குழந்தைக்கு வேகம்!

அப்புறம் என்ன சிக்கல்?

வெளியே கூட்டம் காத்திருக்கும்போது, ஒவ்வொரு குழந்தைக்கும் புத்தகத்தைப் புரட்ட நேரம் இருக்காது. ஞாபகத்தை நம்பிப் பார்க்கும்போது ஏதாவது ஒரு படி விட்டுப்போகும்.

கருவி என்ன செய்கிறது?

இதே வழிகாட்டியை உள்ளங்கையில் அடங்கும் பிடிஏ கணினியில் ஏற்றி, தான்சானிய கிராமப்புறத்தில் சோதித்தார்கள். திரையில் கேள்விகள் வரிசையாக வரும். பதிலைத் தட்டினால், அதற்கேற்ற அடுத்த கேள்வி வரும். எந்த வயதுக்கு எந்த வரம்பு என்று பணியாளர் மனசில் வைத்திருக்கத் தேவையில்லை.

பலன் கிடைத்ததா?

2008-ல் வெளியான அந்த ஆரம்பக்கட்ட ஆய்வு நம்பிக்கை தந்தது. வழக்கமாக ஆகும் நேரமே கிட்டத்தட்ட போதுமானதாக இருந்தது. விட்டுப்போகும் படிகளும் குறைந்தன. பணியாளர்களும் சீக்கிரமே பழகிக்கொண்டார்கள்.

இன்று பிடிஏ இருந்த இடத்துக்கு ஸ்மார்ட்போனும் டேப்லெட்டும் வந்துவிட்டன. ஆனால் மருந்து இருப்பில் இல்லை, ஆஸ்பத்திரிக்குப் போக வண்டி இல்லை என்றால், திரையில் சரியான பதில் வந்தும் குழந்தைக்குப் பயனில்லை. சார்ஜ் போட கரண்டும் வேண்டும்.

இன்னொன்று, இந்தக் கருவி மூச்சை எண்ணாது. குழந்தையின் சட்டையை விலக்கி, நெஞ்சைப் பார்த்து 60 விநாடி பொறுமையாக எண்ண வேண்டியது பணியாளர்தான். அவசரத்தில் அந்த எண்ணிக்கை தப்பினால், கருவி தரும் முடிவும் தப்பாகிவிடும்.