நண்பகல் புகைவண்டி

மேனாட்டுக் குதிரைவீரர் படம் என்றால் நம்மில் பலர் நகைப்பர். “புழுதி பறக்கும், துப்பாக்கி வெடிக்கும், நல்லவன் வெல்வான், வேறென்ன?” என்பர். ‘ஹை நூன்’ படத்தைச் சென்ற மாதம் விடுதி அறையில் பார்க்கும்வரை நானும் அவ்வாறே எண்ணியிருந்தேன்.

1952-இல் வெளிவந்த கறுப்பு வெள்ளைப் படம் அது. இயக்கியவர் ஃபிரெட் ஜின்னமன். தலைவனாக நடித்தவர் கேரி கூப்பர். கதை சிறிது. ஊர்க் காவல் தலைவர் வில் கேன், பதவியை விட்டு விலகி மணம் புரிந்துகொண்ட அதே காலையில் ஒரு செய்தி வருகிறது. அவர் முன்பு பிடித்துக் கொடுத்த கொலைகாரன் விடுதலை பெற்று, நண்பகல் புகைவண்டியில் வருகிறான். நிலையத்தில் அவனுடைய கூட்டாளிகள் மூவர் காத்திருக்கின்றனர். மனைவியுடன் ஊரைவிட்டுப் புறப்பட்ட கேன், வழியில் குதிரைவண்டியைத் திருப்பிவிடுகிறார்.

இனிமேல் கடிகாரத்தின் ஆட்சிதான். படம் ஓடுவது 85 நிமிடம். கதை நிகழும் நேரமும் ஏறக்குறைய அவ்வளவே. பத்தாண்டுகளை ஒரே பாட்டில் தாண்டும் படங்களுக்குப் பழகிய நமக்கு இது புதிது. அவருக்குக் கழியும் நிமிடம் நமக்கும் கழிகிறது. சுவர்க் கடிகாரம் அடிக்கடி திரையில் தோன்றுகிறது. பன்னிரண்டு நெருங்குகையில், ஊசலின் அசைவுக்கேற்ப டிமிட்ரி தியோம்கினின் இசை துடிக்க, ஊரார் முகங்கள் ஒவ்வொன்றாய் வந்து போகின்றன. பிறகு வண்டியின் கூவல்! சற்று நேரத்தில் காமிரா மேலே எழும்புகிறது. வெறிச்சோடிய தெருவில் கேன் சிற்றுருவாய் நிற்கிறார். ஆய்வுக்கூடத்தில் நேரத்தை அளந்து பழகியவன் நான்; நேரத்துக்கு அஞ்சியது அன்றுதான்.

துப்பாக்கிச் சண்டை கடைசிச் சில நிமிடங்களே. சுவையெல்லாம் அதற்கு முன் இருக்கிறது. கேன் வீடு வீடாகத் துணை தேடுகிறார். நீதிபதி மூட்டை கட்டுகிறார். நண்பர் ஒருவர் வீட்டுக்குள் இருந்துகொண்டே, தாம் இல்லையென்று மனைவியைச் சொல்லச் செய்கிறார். தேவாலயத்தில் அவரைப் புகழ்ந்து பேசி, ஊரைவிட்டுப் போகச் சொல்கின்றனர். உடன்வர முன்வருவோர் ஒரு சிறுவனும் ஒற்றைக்கண் குடிகாரனுமே. ஒவ்வொருவரிடமும் ஒரு காரணம் உண்டு. ஒவ்வொன்றும் கேட்க நியாயமாகவே இருக்கும்!

இதைக் கண்டு நான் ஏன் கலங்கினேன்? முன்பு நான் தங்கியிருந்த ஒரு விடுதியில், சமையற்கூடத்துப் பையன்மீது திருட்டுக் குற்றம் சாட்டினர். அந்நேரம் அவன் அடுப்படியில் இருந்ததை நான் என் கண்ணால் கண்டிருந்தேன். விசாரணை பதினொரு மணிக்கு. நான் அறையிலேயே இருந்து, மணியைப் பார்த்துக்கொண்டிருந்தேன். மறுநாள் தேர்வு; அதுதான் என் காரணம். பையன் வேலை இழந்தான்.

கதைவசனம் எழுதிய கார்ல் ஃபோர்மனும் இத்தகைய நண்பகலைக் கண்டவரே. படம் உருவான 1951-இல் அமெரிக்க நாடாளுமன்ற விசாரணைக் குழு அவரை அழைத்தது. பிறரைக் காட்டிக்கொடுக்க மறுத்த அவர், பின்னர் இங்கிலாந்துக்குக் குடிபெயர்ந்தார்.

சண்டை ஓய்ந்ததும் ஊரார் ஓடிவருகின்றனர். கேன் மார்பிலிருந்த விண்மீன் சின்னத்தைக் கழற்றிப் புழுதியில் எறிந்துவிட்டுப் போகிறார். நண்பர்களே, வீரனைக் காண இப்படத்தைப் பாருங்கள். ஆனால் அந்த ஊராரையும் உற்றுப் பாருங்கள். அவர்களிடையே நான் என் முகத்தைக் கண்டேன்.