குழந்தையை அழைத்துவர குவாங்ஜோ வரை

தத்தெடுக்க வெளிநாடு போகிறவர்கள் அங்கே பத்துக் குழந்தைகளைப் பார்த்து, மனசுக்குப் பிடித்த ஒன்றைத் தூக்கிக்கொண்டு வருகிறார்கள் என்று பலர் நினைக்கிறார்கள். சீனாவுக்குப் போன அமெரிக்கப் பெற்றோருக்கு அந்தப் பேச்சே கிடையாது. விமானம் ஏறும்போதே குழந்தை யாரென்று முடிவாகியிருக்கும். முடிவு செய்தது பெய்ஜிங்கில் இருந்த அரசுத் தத்தெடுப்பு மையம்.

சீனாவின் தத்தெடுப்புச் சட்டம் 1992-இல் நடைமுறைக்கு வந்தது. அதன்பின் அமெரிக்காவுக்கு மட்டும் 82,000-க்கு மேற்பட்ட பிள்ளைகள் போனார்கள். அவர்களில் பெரும்பாலோர் பெண்கள். ஒரு குழந்தைதான் என்று அரசு கட்டளையிட, அந்த ஒன்று ஆணாக இருக்கட்டும் என்று பல குடும்பங்கள் கணக்குப் போட, காப்பக வாசலிலும் சந்தைத் தெருவிலும் விடப்பட்டவர்கள் அவர்கள்.

முதலில் காகிதம். திருமணச் சான்று, வருமானச் சான்று, மருத்துவப் பரிசோதனை, காவல்துறைச் சான்று, சமூகப் பணியாளர் வீட்டுக்கு வந்து பேசி எழுதிய அறிக்கை. ஒவ்வொன்றிலும் நோட்டரி முத்திரை, அதற்குமேல் மாநில அரசு முத்திரை, அதற்கும்மேல் சீனத் தூதரக முத்திரை. கட்டு பெய்ஜிங் போய்ச் சேர்ந்ததும், மாதக்கணக்கில், பிற்காலத்தில் ஆண்டுக்கணக்கில் காத்திருக்க வேண்டியிருந்தது. பிறகு ஒருநாள் இரண்டு மூன்று புகைப்படமும் சிறு மருத்துவக் குறிப்பும் வரும். பெயர் காப்பகம் வைத்தது; பிறந்த தேதி பல நேரம் உத்தேசம். பின்னாளில், உடற்குறை உள்ள பிள்ளைகளின் பட்டியலிலிருந்து ஒருவரை ஏற்க முன்வரலாம் என்று ஆனது. அப்போதும் பெற்றோர் பார்த்தது கோப்பைத்தான்.

பயணம் ஏறத்தாழ இரண்டு வாரம். சாங்ஷா, நான்சாங், நான்னிங் என்று குழந்தை இருக்கும் மாகாணத்தின் தலைநகருக்கு முதலில் போக வேண்டியிருந்தது. காப்பகத்துக்குத் தர வேண்டிய கட்டாய 'நன்கொடை' தொடக்கத்தில் மூவாயிரம் டாலர், பின்னாளில் 35,000 யுவான். மடிப்புக் கலையாத புது நோட்டுகளாக அதை இடுப்புப் பையில் கட்டிக்கொண்டு போனவர்கள் ஏராளம். பணத்தைத் தொட்டுத் தடவிப் பார்த்தபடியே குழந்தைக்காகப் போகிறோமே என்று சிலருக்குக் கூசியிருக்கும். கூசியதில் நியாயமும் இருந்தது. ஹுனான் மாகாணத்தின் ஹெங்யாங் பகுதிக் காப்பகங்கள் கடத்தல்காரர்களிடம் குழந்தைகளை விலைக்கு வாங்கியது 2005-இல் வெளிவந்தது; அடுத்த ஆண்டு நீதிமன்றம் தண்டனை விதித்தது.

சந்திப்பு நடக்கும் இடம் பெரும்பாலும் ஓர் அரசு அலுவலகம், சில நேரம் ஹோட்டல் கூடம். பல மணி நேரம் பேருந்தில் வந்த ஆயாக்கள், உடைமேல் உடை போர்த்திய குழந்தைகளோடு நிற்பார்கள். பெயர் கூப்பிடுவார்கள். பெற்றோர் முன்னே வருவார்கள். குழந்தை கைமாறும். சில நிமிடம்தான்.

பெற்றோருக்கு அது ஆண்டுக்கணக்கில் கனவு கண்ட நாள். குழந்தைக்கு அப்படியல்ல. பழகிய ஆயாவோ வளர்ப்புத் தாயோ, அவள் வாசனை, ஊட்டிய கஞ்சி, காதில் விழுந்த பேச்சு எல்லாம் ஒரே மதியத்தில் போய்விடுகிறது. எதிரே இருப்பது இதுவரை பார்த்திராத முகமும் புரியாத மொழியும். மணிக்கணக்கில் வீறிட்டு அழுத குழந்தைகள் உண்டு. அதைக் கண்டு பயந்த பெற்றோரும் உண்டு. தத்தெடுத்த பிள்ளைகளோடு நெடுநாள் வேலை செய்தவர்கள் இதை வேறு மாதிரிப் பார்ப்பார்கள். அழுகிற குழந்தை யாரையோ நம்பிப் பழகியிருக்கிறது, இனியும் பழகும். சத்தமே இல்லாமல், பார்வை எங்கோ நிலைத்து, தூக்கினால் தூக்கிய கையோடு வரும் குழந்தையை 'எவ்வளவு சமத்து' என்று நினைத்துவிடுவதுதான் தவறு. அது உறைந்துபோயிருக்கிறது. கொஞ்சம் பெரிய பிள்ளைகளுக்காக மாண்டரினில் நாலு வார்த்தை கற்றுக்கொண்டு போனவர்களுக்கு இன்னொரு சிக்கல்: பிள்ளைக்குத் தெரிந்தது உள்ளூர்ப் பேச்சு மட்டுமாக இருக்கும்.

அன்றிரவு குழந்தை பெற்றோரோடு ஹோட்டல் அறையில். ஒருநாள் இணக்கம் பார்த்துவிட்டு மறுநாள் பதிவு. சீனச் சட்டப்படி தத்து அப்போதே முடிந்துவிடும். கடவுச்சீட்டு வர இன்னும் ஒரு வாரம் ஆகும். அதற்குள் அந்த அறையில் யார் எப்போது தூங்கினார்கள் என்பது வேறு கதை.

அடுத்து எல்லோரும் குவாங்ஜோ போக வேண்டியிருந்தது. சீனாவிலிருந்து அமெரிக்காவில் குடியேறுவோருக்கான விசா அந்த ஊர் அமெரிக்கத் துணைத் தூதரகத்தில்தான். தூதரகம் பல ஆண்டுகள் ஷாமியான் தீவில், ஒயிட் ஸ்வான் ஹோட்டலுக்குப் பக்கத்தில் இருந்தது. அதனால் அந்த ஹோட்டல் முழுக்கக் குழந்தைத் தள்ளுவண்டிகளும் புதுப் பெற்றோரும்தான். பொம்மை நிறுவனமான மேட்டல், ஆசியக் குழந்தையைத் தூக்கிவைத்திருக்கும் பொன்முடி பார்பி ஒன்றை அங்கே தங்கிய குடும்பங்களுக்கு இலவசமாகக் கொடுத்தது. அன்பளிப்புதான், ஆனால் அந்தக் காட்சி எனக்குச் சரியாகப் படவில்லை.

மருத்துவச் சோதனை, தூதரகத்தில் கையுயர்த்தி உறுதிமொழி, பிறகு விசா. கூடவே ஒட்டிய உறை ஒன்று. அதைப் பிரிக்காமல் அமெரிக்க விமான நிலையத்தில் குடியேற்ற அதிகாரியிடம் தர வேண்டியிருந்தது. 2001 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த சட்டப்படி, இரு பெற்றோரும் நேரில் பார்த்துச் சீனாவிலேயே தத்து முடிந்த குழந்தை, அந்த மண்ணில் அனுமதிக்கப்பட்ட நிமிடமே அமெரிக்கக் குடிமகள்.

2020 தொடக்கத்தில் பெருந்தொற்றால் இந்தப் பயணங்கள் நின்றன. அதற்குள் சில நூறு குடும்பங்களுக்குக் குழந்தை முடிவாகியிருந்தது. உடைகளும் குடும்பப் படங்களும் அனுப்பி, புது அம்மா அப்பா வருகிறார்கள் என்று சில பிள்ளைகளிடம் சொல்லியும் ஆகிவிட்டது. 2024 செப்டம்பரில், நெருங்கிய உறவினர் தத்தெடுப்பதைத் தவிர மற்ற வெளிநாட்டுத் தத்தெடுப்பெல்லாம் முடிந்தது என்று சீனா அறிவித்தது. காத்திருந்தவர்களுக்கு விலக்கு இல்லை. கைக்குழந்தையாகப் படத்தில் பார்த்த பிள்ளைக்கு, அதற்குள் பள்ளிக்கூடம் போகும் வயது வந்திருந்தது.