கழற்றி மாட்டும் இணைப்பு: புகைக்குழாய்ச் சூட்டில் ஒரு மின்சார ஏற்பாடு

மோட்டார் வண்டியின் புகைக்குழாய் ஏற்கெனவே கொதித்துக்கொண்டுதான் இருக்கிறது. அதைப் போய் மின்சாரத்தாலும் சூடேற்றுவானேன் என்று கேட்கத் தோன்றும். நியாயமான கேள்விதான். பிழைப்புக்காகப் புனேவுக்கு வந்து, மோட்டார் உதிரிபாகத் தொழிலில், குறிப்பாக வயரிங் பகுதியில் பல ஆண்டுகளைக் கழித்தவன் நான். அந்தக் கேள்விக்கும், அதையொட்டி அதிகம் பேர் பேசாத ஒரு சின்னப் பொருளுக்கும் இங்கே விளக்கம் சொல்ல முயல்கிறேன். அந்தச் சின்னப் பொருள்தான் கனெக்டர், அதாவது கழற்றி மாட்டக்கூடிய மின் இணைப்பு.

சூடு எதற்கு?

பெட்ரோல் காரில் சைலன்சருக்கு முன்னால் கேட்டலிடிக் கன்வெர்ட்டர் என்ற ஒரு டப்பா இருக்கும். உள்ளே தேன்கூடு போன்ற அறைகள்; அவற்றின் சுவர்களில் பிளாட்டினம், பல்லேடியம், ரோடியம் ஆகிய விலையுயர்ந்த உலோகங்களின் மெல்லிய பூச்சு. கார்பன் மோனாக்சைடு, எரியாத பெட்ரோல் ஆவி, நைட்ரஜன் ஆக்சைடுகள் ஆகிய மூன்றையும் இது அதிகக் கெடுதல் இல்லாத வாயுக்களாக மாற்றுகிறது. ஆனால் சுமார் 250 முதல் 300 டிகிரி செல்சியஸ் சூடு ஏறினால்தான் வேலை செய்யும். அதுவரை அது சும்மா ஒரு ஓட்டைக் குழாய். அதனால்தான் காலையில் வண்டியைக் கிளப்பிய முதல் ஒன்றிரண்டு நிமிடங்களில் வெளிவரும் புகைதான் மிகவும் மோசமானது.

இந்தக் கன்வெர்ட்டர் சரியாக வேலை செய்ய இன்னொரு நிபந்தனையும் உண்டு. ஒரு கிலோ பெட்ரோலுக்கு 14.7 கிலோ காற்று என்ற விகிதம் பிசகக்கூடாது. அதைக் கண்காணிப்பது புகைக்குழாயில் திருகப்பட்டிருக்கும் ஆக்சிஜன் சென்சார். காற்று கூடினால் சுமார் 0.1 வோல்ட், பெட்ரோல் கூடினால் சுமார் 0.9 வோல்ட் என்று அது கம்ப்யூட்டருக்குச் சேதி அனுப்பும். போஷ் நிறுவனம் செய்த இந்தச் சென்சார் 1976-இல் வோல்வோ கார்களில் முதன்முதலாக வந்தது. அதன் நுனியிலுள்ள சிர்கோனியா பீங்கானும் 300 டிகிரிக்கு மேல்தான் விழித்துக்கொள்ளும். புகையின் சூட்டுக்காகக் காத்திருந்தால் நேரமாகிறது என்று 1982-இல் உள்ளேயே ஒரு சிறு ஹீட்டரை வைத்தார்கள். இன்று கார்களில் மட்டுமல்ல, 2020 ஏப்ரலில் பி.எஸ். 6 விதிகள் வந்தபின் நம் இருசக்கர வாகனங்களிலும் ஆக்சிஜன் சென்சார் சர்வசாதாரணம்.

ஏன் கழற்ற வேண்டும்?

வயரை நிரந்தரமாகவே பற்றவைத்துவிட்டால் என்ன? சென்சார் மரையால் திருகப்பட்டிருக்கிறது. வயரைப் பிரிக்காமல் சென்சாரைத் திருகினால் வயரும் சேர்ந்து முறுக்கிக்கொண்டு அறுந்துபோகும். தொழிற்சாலையிலும் புகைக்குழாய் ஒரு இடத்திலிருந்து வரும், வயரிங் இன்னொரு இடத்திலிருந்து வரும். இரண்டும் வண்டியில்தான் சேர வேண்டும். ஆகவே கழற்றி மாட்டும் இணைப்பு கட்டாயம். அது இருக்க வேண்டிய இடமோ வண்டியிலேயே பொல்லாத இடம். மேலே சூடு, கீழே மழைத்தண்ணீர், எந்நேரமும் அதிர்வு.

சூட்டுக்குப் பரிகாரம் தூரம். சென்சாரிலிருந்து ஓரடி, இரண்டடி வயர் விட்டு, குளிர்ச்சியான இடத்தில் கனெக்டரை வைப்பார்கள். தண்ணீருக்குப் பரிகாரம் ரப்பர் வளையங்கள். அதிர்வுக்குத்தான் முழுமையான பரிகாரம் இல்லை. வெள்ளீயம் பூசிய பின்கள் ஒன்றோடொன்று கண்ணுக்குத் தெரியாத அளவில் உரசி உரசி, உரசிய இடத்தில் ஆக்சைடு படியும். அப்புறம் சென்சார் நன்றாகத்தான் இருக்கும். அது அனுப்பும் சேதிதான் வழியில் தடுமாறும்.

இன்னொரு சூட்சுமம். பல சென்சார்கள் ஒப்பிட்டுப் பார்ப்பதற்கான வெளிக்காற்றை வயரின் இழைகளுக்கு இடையே உள்ள சந்து வழியாகத்தான் இழுக்கின்றன. வயர் மூச்சு விடுகிறது என்றே சொல்லலாம். கனெக்டரில் கிரீஸ் அடைத்தாலோ, அறுந்த வயரை ஈயப்பற்று வைத்து ஒட்டினாலோ அந்த மூச்சு அடைபடும். அதனால்தான் இந்த வயரை ஒட்டாமல், உலோகக் குழலில் வைத்து நெரித்து இணைக்கச் சொல்கிறார்கள்.

கன்வெர்ட்டருக்கே ஹீட்டர்

சென்சாரை மட்டுமல்ல, கன்வெர்ட்டரையே மின்சாரத்தால் சூடேற்றுவதும் உண்டு. ஜெர்மனியில் 1995-இல் வந்த அல்பீனா பி12 காரில் இந்த ஏற்பாடு இருந்தது. இங்கே கனெக்டரின் பாடு இன்னும் திண்டாட்டம். சென்சார் ஹீட்டருக்கு ஓரிரு ஆம்பியர் போதும். கன்வெர்ட்டருக்கு 2 கிலோவாட் வேண்டுமென்றால், 12 வோல்ட் பேட்டரியில் அது 167 ஆம்பியர். இணைப்பில் ஓம் அளவில் ஆயிரத்தில் ஒரு பங்கு தடை இருந்தாலே அங்கே 28 வாட் வெப்பம் உண்டாகும். ஒரு சிறு சால்டரிங் அயனை கனெக்டருக்குள் சொருகி வைத்த மாதிரி! அதே 2 கிலோவாட்டை 48 வோல்ட்டில் கொடுத்தால் ஓட்டம் 42 ஆம்பியர்தான். அந்த வெப்பமும் பதினாறில் ஒரு பங்காகி 2 வாட்டுக்கும் கீழே போய்விடும். 48 வோல்ட் வண்டிகள் வந்தபின் இந்த யோசனைக்கு மறுபடி மவுசு கூடியதற்கு இதுவும் ஒரு காரணம்.

மின்முனை, கன்வெர்ட்டரின் எஃகுச் சுவரைத் தொடாமல் பீங்கான் போன்ற காப்புப் பொருளின் நடுவே உள்ளே போகிறது. நட்டு போட்டு வயரை முடுக்கும்போது முனையும் சேர்ந்து திரும்பினால் அந்தக் காப்பு விரிசல் விட்டுவிடும். அதனால் முடுக்கும்போது முனையை அசையாமல் பிடித்துக்கொள்ள வேண்டும். அல்லது திருகாமல் நேராகச் சொருகும் இணைப்பாக அமைக்க வேண்டும்.

நமக்கு என்ன வந்தது?

சில ஆண்டுகளுக்கு முன் திருநெல்வேலிக்கார அன்பர் ஒருவர் தம் வாடகைக் காரோடு வந்தார். எஞ்சின் விளக்கு அணையவில்லை. "சார், சென்சார் போயிட்டுன்னு சொல்லுதாங்க. போன வருசம்தான் புதுசு போட்டேன். இன்னும் எத்தனை தடவைதான் மாத்த?" என்றார். "கொஞ்சம் பொறுங்க அண்ணாச்சி" என்று, வண்டி ஆறியபின் கனெக்டரைக் கழற்றிப் பார்த்தோம். ரப்பர் வளையம் ஒன்று காணவில்லை. பின்களில் பச்சைப்பாசி போலக் களிம்பு. மல்டிமீட்டரில் ஹீட்டர் சரியான ஓம் காட்டியது. சென்சாருக்கு ஒரு குறையும் இல்லை. கனெக்டரை மட்டும் மாற்றியதும் விளக்கு அணைந்தது. ஒரு வாரச் சம்பாத்தியம் மிச்சம்.

கம்ப்யூட்டர் காட்டும் கோட், 'ஹீட்டர் சர்க்யூட்டில் கோளாறு' என்றுதான் சொல்லும். சென்சாரை மாற்று என்று சொல்லாது. சர்க்யூட் என்றால் ஃபியூஸ், வயர், கனெக்டர், சென்சார் எல்லாம் சேர்ந்ததுதான். எலி கடித்த வயருக்கும் அதே கோட் வரலாம். ஆகவே அடுத்த முறை விளக்கு எரிந்தால், புதுச் சென்சாருக்குப் பணம் எடுத்து வைக்கும் முன், கனெக்டரைக் கழற்றிக் காட்டச் சொல்லுங்கள். பின்கள் பளிச்சென்று இருக்கின்றனவா, ரப்பர் வளையம் இருக்கிறதா, திரும்ப மாட்டும்போது 'டிக்' என்று பூட்டு விழுகிறதா என்று பாருங்கள். விளக்குதானே, எரிந்தால் எரியட்டும் என்று விட்டுவிடவும் வேண்டாம். சென்சார் தூங்கினால் பெட்ரோல் வீணாகும். நாளடைவில் விலையுயர்ந்த கன்வெர்ட்டரும் கெடும். அந்தப் புகையை, பள்ளிக்கூட பஸ்ஸுக்காகத் தெருவில் நிற்கும் நம் பிள்ளைகளே சுவாசிக்க வேண்டியிருக்கும்.