‘ஸகன்’ எனும் சொல்லும் நம் அடுக்கக அறைகளும்

அரபு மொழியில் வீட்டைச் சுட்டும் சொற்கள் பல. ‘பைத்’ என்பது இரவைக் கழித்தல் எனப் பொருள்படும் ‘பாத்த’ எனும் வினையடியிலிருந்து பிறந்தது. ‘தார்’ என்பது சுற்றுதல் எனும் பொருளுடைய வினையோடு தொடர்புடையது. நடுவே முற்றமும் அதனைச் சூழ அறைகளும் அமைந்த இல்லத்தை அச்சொல் நம் கண்முன் நிறுத்தும். ‘ஹுஜ்ரா’ எனில் தடுத்து வளைக்கப்பட்ட இடம். ‘மஸ்கன்’ என்பதோ, அசைவு ஒடுங்கி அமைதல் எனும் பொருளுடைய ‘ஸகன’ எனும் அடியைச் சேர்ந்தது. ‘ஸகீனத்’ எனும் மன அமைதியும் அக்குடும்பத்துச் சொல்லேயாகும். அந்நஹ்ல் அத்தியாயத்தின் 80ஆம் வசனம் வீட்டை இறைவனின் அருட்கொடைகளுள் ஒன்றாக எடுத்துக் கூறுகையில் ‘ஸகன்’ என்றே குறிப்பிடுகிறது. ஆகவே ஒரு வீடு நல்ல வீடா என அறியச் சதுர அடியைக் கேட்பதும் தரைக்கற்களின் பளபளப்பைப் பார்ப்பதும் போதா. உள்ளே வாழ்வோர் அங்கு அமைதி கொள்கின்றனரா என்பதே முதற் கேள்வி.

இக்கேள்வியைப் பல்லாவரத்தில் நின்று கேட்பது பொருத்தமானது. தோல் பதனிடும் தொழிலை ஒட்டி முஸ்லிம் குடும்பங்கள் பல தலைமுறைகளாக வாழ்ந்துவரும் ஊர் இது. 2021இல் உருவான தாம்பரம் மாநகராட்சியில் இணைந்துவிட்டது. தென்மாவட்டக் கடற்கரை ஊர்களிலிருந்தும் ஆம்பூர், வாணியம்பாடிப் பக்கமிருந்தும் வந்தோர் பம்மல், அனகாபுத்தூர், குரோம்பேட்டை எனச் சுற்றுவட்டாரமெங்கும் எழுநூறு, எண்ணூறு சதுர அடி அடுக்ககங்களில் குடியேறியுள்ளனர். ஊரிலே பெரிய வீட்டில் பிறந்து வளர்ந்த பழக்கங்கள் யாவும் அவர்களோடு வந்துவிட்டன. அப்பழக்கங்களுக்கு இடந்தந்த வீடு மட்டும் வரவில்லை.

காயல்பட்டினத்தை எண்ணிப் பார்ப்போம். அங்கே பெண்கள் அண்டை வீடுகளுக்குச் சென்றுவர வீடுகளின் பின்புறமாகவும் இடையிலும் ‘முடுக்கு’ எனும் ஒடுங்கிய பாதைகள் உண்டு. தெருவாசல் ஆடவர்க்கும் விருந்தினர்க்கும். முடுக்குப் பக்கத்து வாசல் பெண்டிர்க்கு. பெண்ணுக்கு வீடு கொடுத்து, மாப்பிள்ளை அங்கு வந்து வாழும் வழக்கமாதலால், புதுமணத் தம்பதியர்க்குத் தனியறை என்பது அவ்வீட்டின் அமைப்பிலேயே முன்கூட்டி எண்ணப்பட்டது. இது ஆடம்பரம் அன்று. வீட்டில் யார் எப்பொழுது எவ்வழியே நடமாடுவர் என்பதை முதலில் வகுத்துக்கொண்டு, அதன்பின் சுவர் எழுப்பியதன் விளைவு. இன்றைய கட்டடக் கலைஞர்கள் நடமாட்ட வரைவு எனச் சொல்வது இதனையே.

அந்நூர் அத்தியாயம் இவ்வகையில் நமக்கு ஒரு முழு இலக்கணத்தையே தருகிறது. 27, 28ஆம் வசனங்கள் பிறர் வீட்டில் அனுமதியும் ஸலாமுமின்றி நுழைதலைத் தடுக்கின்றன. 58ஆம் வசனம் வீட்டுக்குள்ளேயே, பணியாளரும் பருவமெய்தாச் சிறாரும் கூட மூன்று வேளைகளில், அதாவது ஃபஜ்ருக்கு முன்னும் நண்பகல் ஓய்வின்போதும் இஷாவுக்குப் பின்னும், அனுமதி கேட்டே உள்ளே வரவேண்டும் என்கிறது. அனுமதி கேட்க ஓர் எல்லை வேண்டும்; எல்லை என்பது கதவு. கூடத்தின் சோபாவுக்கு நேர் எதிரே படுக்கையறைக் கதவை வைத்துவிட்டு, நாள் முழுதும் அதனைத் திரையிட்டு மறைப்பது இவ்வசனத்தின் நோக்கத்தை அரைகுறையாகவே நிறைவேற்றும். விருந்தினர் உளூச் செய்யப் படுக்கையறையைக் கடந்து போகவேண்டியிருப்பின் அதனினும் குறை. வீடு வாங்குவோர் வரைபடத்தில் முதலில் நோக்கவேண்டியது, கூடத்திலிருந்து பொதுக் கழிவறைக்கு வேறு அறையினுள் நுழையாமல் செல்ல வழியுண்டா என்பதே.

வாசலுக்கு வருவோம். நபி (ஸல்) அவர்கள் ஒருவர் வீட்டுக்குச் சென்றால் வாசலுக்கு நேரே நில்லாமல் வலப்பக்கமோ இடப்பக்கமோ ஒதுங்கி நிற்பார்கள் என்றும், அக்காலத்தில் வாசல்களுக்குத் திரை இல்லாமையே அதன் காரணம் என்றும் அபூதாவூதில் வரும் அறிவிப்பு கூறுகிறது. வருபவரின் ஒழுக்கமாக நபியவர்கள் கற்பித்ததைப் பிற்காலக் கட்டடக் கலைஞர்கள் சுவரின் ஒழுங்காகவும் ஆக்கினர். கெய்ரோவில் 1648இல் கட்டப்பட்ட பைத்துஸ் ஸுஹைமீ இல்லத்தைப் போன்ற பழைய வீடுகளில் தெருவாசலைக் கடந்ததும் வழி ஒரு திருப்பம் திரும்பியே முற்றத்தை அடையும். ‘மஜாஸ்’ எனப்படும் இவ்வளைவு நடையால், கதவு திறந்திருந்தாலும் தெருவில் செல்வோர்க்கு உள்ளே ஒன்றும் தெரியாது.

நம் அடுக்ககத்தில் வளைந்த நடைக்கு இடமேது? ஆயினும் இரண்டு வழிகள் உண்டு. கதவின் கீல் எப்பக்கம் அமைய வேண்டும் என்பதைத் தச்சரிடம் விட்டுவிடாமல், பாதி திறந்த கதவு அறையை மறைத்துச் சுவரைக் காட்டுமாறு அமைக்கச் சொல்லலாம். இதற்குத் தனிச் செலவே இல்லை. வாசலிலிருந்து மூன்று நான்கு அடி தள்ளி, ஐந்தரை அடி உயரத்தில் மரச்சல்லடையோ நூலடுக்கோ நிறுத்தினால் அடுக்களையில் நிற்பவர் மறைவார், காற்றும் தடைப்படாது.

காற்று என்றதும் ஒரு சிக்கல் எழுகிறது. அதனைச் சற்று விரிவாகவே நோக்க வேண்டும்.

தேசியக் கட்டட நெறிமுறை, வெப்பமும் ஈரமும் மிக்க நிலப்பகுதிகளில் அறையின் தரைப்பரப்பில் ஆறில் ஒரு பங்காவது சாளரத் திறப்பு இருக்கவேண்டும் என்கிறது. பத்துக்குப் பன்னிரண்டு அடி அறைக்கு இது 20 சதுர அடி. நான்கடிக்கு ஐந்தடிச் சாளரம் ஒன்று, அல்லது அதில் பாதியளவில் இரண்டு. இரண்டாக வைத்து, அவற்றை வெவ்வேறு சுவர்களில் அமைப்பதே மேல். ஒரே சுவரில் எவ்வளவு பெரிய திறப்பு வைத்தாலும், வெளியேற மறுவழி இல்லையேல் காற்று உள்ளே வராது. சென்னையின் கோடைப் பகலில் மேற்கிலிருந்து அனல் வீசும்; பிற்பகலில் கிழக்கு, தென்கிழக்கிலிருந்து கடற்காற்று எழும். எனவே தென்கிழக்குத் திறப்பு பெருஞ்செல்வம். மேற்குச் சுவரோ மாலைவெயிலை உறிஞ்சி இரவில் அறைக்குள் உமிழும். அச்சுவரை ஒட்டிக் கட்டிலிடுவோர் உறக்கமின்றிப் புரள்வர். அலமாரியை அங்கே நிறுத்துவது நன்று. கதவுக்கு மேலிருந்த காற்றுப்போக்கியைக் குளிர்சாதனம் பொருத்தும்போது அடைத்துவிடும் வழக்கம் இன்று பரவியுள்ளது. மின்தடை ஏற்படும் இரவுகளில்தான் அதன் அருமை விளங்கும்.

நம் அடுக்ககங்களிலோ இருபுறமும் சில அடி இடைவெளி விட்டு அடுத்த கட்டடம் எழுந்து நிற்கிறது. சாளரத்தைத் திறந்தால் எதிர்வீட்டு அடுக்களை. ஆகவே பெண்கள் சாளரத்தை மூடியே வைத்துப் புழுக்கத்தில் வாடுகின்றனர். மறைவுக்காகக் காற்றை இழப்பதா, காற்றுக்காக மறைவை இழப்பதா?

இது புதிய கேள்வி அன்று. எகிப்தின் ஃபுஸ்தாத் நகரில் காரிஜா இப்னு ஹுதாஃபா (ரலி) அவர்கள் மாடியறை கட்டியபோது, அண்டை வீட்டாரின் மறைவு கெடுமே எனும் முறையீடு கலீஃபா உமர் (ரலி) அவர்களை எட்டியது. அவ்வறையில் ஒரு கட்டிலை இட்டு, நெட்டையுமல்லாத குட்டையுமல்லாத ஒருவரை அதன்மீது நிறுத்திப் பார்க்குமாறும், அவர் கண்ணுக்குச் சாளரம் எட்டுமாயின் கட்டடத்தை அகற்றுமாறும் ஆளுநர் அம்ர் இப்னுல் ஆஸ் (ரலி) அவர்களுக்கு உமர் (ரலி) எழுதியதாக வரலாற்றாசிரியர் இப்னு அப்தில் ஹகம் பதிவு செய்துள்ளார். இதில் நாம் வியப்பது அந்த அளவுகோலையே. ‘பார்க்காதே’ எனும் அறிவுரையோடு நில்லாமல், கண்ணுக்கு எட்டுமா எட்டாதா எனச் சோதித்தறியத்தக்க ஒரு முறையை அவர்கள் வகுத்தார்கள். பதினான்காம் நூற்றாண்டில் துனீஸில் வாழ்ந்த கட்டடக் கலைஞர் இப்னு அர்ராமீ, பிறர்க்குத் தீங்கு விளைத்தலாகாது எனும் நபிமொழி நெறியை ஒட்டி, எதிரெதிர் சாளரம், புகை, துர்நாற்றம், சுவரை அதிரவைக்கும் தொழில் ஆகியவற்றுக்கான தீர்ப்புகளைத் தொகுத்து ‘அல்இஃலான் பி அஹ்காமில் புன்யான்’ எனும் நூலையே எழுதினார்.

அவ்வளவுகோலின்படி நமக்குத் தோன்றும் தீர்வு இதுவாகும். ஒரே பெரிய சாளரத்துக்கு மாற்றாக, அதனை மேல், கீழ் என இரு பகுதிகளாகப் பிரிக்கலாம். ஆறடிக்கு மேலே எப்போதும் திறந்திருக்கும் ஒரு பட்டை. வெப்பக் காற்று அவ்வழியே வெளியேறும். கீழ்ப்பகுதியில், உட்கார்ந்திருப்போர் மேனியில் காற்றுப் படுமாறு, சாய்த்தும் நிமிர்த்தும் அமைக்கத்தக்க மரப்பட்டிகள். கீழ்நோக்கிச் சாய்ந்த பட்டி காற்றை விடும். எதிர்வீட்டுக் கண்ணை விடாது. கட்டுநர் தரும் வழுக்குக் கண்ணாடிச் சாளரம் பாதிதான் திறக்கும். நிழற்கண்ணாடியும் இரவில் உள்ளே விளக்கெரியும்போது மறைக்காது.

அறைகளின் அளவைப் பற்றிச் சிறிது கூறுவோம். மேற்சொன்ன நெறிமுறையின்படி, இரு அறைகள் உள்ள வீட்டில் ஒன்று 9.5 சதுர மீட்டருக்கும் மற்றொன்று 7.5 சதுர மீட்டருக்கும் குறையக்கூடாது. அதாவது ஏறத்தாழ 102, 81 சதுர அடி. உயரம் 2.75 மீட்டர், ஒன்பதடி. அடுக்களைக்கு 5 சதுர மீட்டர். இவை கீழெல்லைகளே, வசதியின் அளவுகள் அல்ல. பத்துக்குப் பத்து அறையில் ஆறரை அடி நீளக் கட்டிலும் எதிரே இரண்டடி ஆழ அலமாரியும் இட்டால் எஞ்சுவது ஒன்றரை அடி. அலமாரிக் கதவே முழுதாகத் திறவாது. தொழுகை விரிப்புக்குரிய இரண்டேகால் அடி அகலமும் நான்கடி நீளமும் எங்கிருந்து கிடைக்கும்? கணவனுக்கொரு விரிப்பு, மனைவிக்கொன்று, விருந்தாளிக்கொன்று, அதற்கு மேற்பட்டது ஷைத்தானுக்கு எனும் கருத்தமைந்த நபிமொழி முஸ்லிமில் உள்ளது. பல்லாவரம் வெள்ளிக்கிழமைச் சந்தையில் பழைய தேக்குக் கட்டில் மலிவாகக் கிடைக்கிறதென்று வாங்குமுன் நினைவுகூரத்தக்க மொழி அது.

எளிமையைப் போற்றுவோர் நபியவர்களின் ஹுஜ்ராக்களைச் சான்று காட்டுவதுண்டு. தாம் அவற்றின் கூரையைக் கையால் தொட்டதாக ஹஸன் அல்பஸரீ (ரஹ்) அவர்கள் கூறியது ‘அல்அதபுல் முஃப்ரத்’ நூலில் உள்ளது. உண்மையே. ஆயினும் விசாலமான வசிப்பிடத்தை மனிதனின் நற்பேறுகளுள் ஒன்றாக எண்ணியவரும் அதே நபியவர்களே. எளிமை என்பது புழுங்கிக் கிடத்தல் அன்று.

கிப்லாவைப் பற்றியும் சொல்ல வேண்டும். நம் பகுதிக்குக் கிப்லா நேர் மேற்கு அன்று. மேற்கிலிருந்து வடக்காக ஏறத்தாழ 18 பாகை. பெருந்தெற்குச் சாலையும் அதனை ஒட்டிய மனைகளும் வடகிழக்கு, தென்மேற்காகச் சாய்ந்திருத்தலால் சுவரும் கிப்லாவும் ஒத்துப்போவது அரிது. ஹனஃபீகள் திசையளவில் போதும் என்பர். ஷாஃபிஈகள் கஅபாவை நேராக நோக்க முயல்வதை வலியுறுத்துவர். தரைக்கல் பதிக்கும்போதே ஒரு கோடு இட்டுக்கொண்டால் இரு சாராருக்கும் எளிது. கழிவறை இருக்கை கிப்லாவை முன்னோக்கியோ பின்னோக்கியோ அமைதலை ஹனஃபீகள் கட்டடத்தினுள்ளும் தடுப்பர். ஷாஃபிஈகள் கட்டடத்தினுள் இசைவளிப்பர். இதில் ஒரு வேடிக்கை உண்டு. மலம் கழிக்கையில் கிழக்கையோ மேற்கையோ நோக்குமாறு கூறும் நபிமொழியைத் தமிழ்மொழிபெயர்ப்பில் படித்துவிட்டு, அவ்வாறே இருக்கையை அமைப்போர் இருக்கின்றனர். அக்கட்டளை, கிப்லா தெற்கே அமைந்த மதீனாவாசிகளுக்குரியது. நமக்கு அது வடக்கு, தெற்கு என மாறும்.

முதியோர் உளூச் செய்யக் காலை உயர்த்திக் கைகழுவும் தொட்டியில் வைப்பது ஆபத்து. ஒன்றரை அடி உயரத்தில் ஒரு குழாயும் எதிரே ஒரு திண்டும் பிடிகம்பியும் வழுக்காத தரையும் இருந்தால் போதும், இடுப்பெலும்பு தப்பும்.

இத்தா இருக்கும் பெண்களின் நிலையும் நம் நெஞ்சை வருத்துவது. கணவனை இழந்தவள் நான்கு மாதமும் பத்து நாளும் வீட்டில் தங்கியிருத்தல் மார்க்கச் சட்டம். இருட்டறையில் அடைந்திருத்தல் எந்த மத்ஹபின் சட்டமும் அன்று. முற்றமிருந்த ஊர்வீட்டில் அவள் வானத்தைக் கண்டாள். அடுக்ககத்தில் வருவோர் போவோர் கண்ணில் படலாகாதென்று அவளுக்குக் கொடுக்கப்படுவது, பெரும்பாலும் காற்றுக்குழிப் பக்கத்துச் சிறிய அறை. வீட்டின் நல்ல அறைகளுள் ஒன்றாவது கூடத்தைக் கடக்காமல் கழிவறையை அடையத்தக்கதாய், வெளிச்சமுள்ள சாளரம் உடையதாய் இருக்கவேண்டும் என்பதற்கு இதனினும் வலிய காரணம் நாமறியோம். அவ்வறையே மகப்பேற்றுக்கு வந்த மகளுக்கும் நோயுற்ற தந்தைக்கும் பயன்படும்.

இறுதியாக, சந்தூக். மய்யித்தைக் குளிப்பாட்ட ஆறடிக்கு மூன்றடிப் பலகை வைத்து, சுற்றி மூவர் நிற்கத்தக்க, நீர் வடியும் இடம் வேண்டும். பெரும்பாலான அடுக்ககங்களில் துணி உலர்த்தும் முற்றமோ மொட்டை மாடியோதான் அதற்கு உதவுகிறது. மின்தூக்கியில் சந்தூக் படுக்கைவாட்டில் கொள்ளாது. படிக்கட்டுத் திருப்பத்தில் அதனைச் சாய்த்தும் செங்குத்தாய் நிமிர்த்தியும் இறக்கநேரும் துயரத்தை நம் ஊரார் பலர் கண்டிருப்பர். வீடு பார்க்கச் செல்வோர் ஓர் ஏழடிக் கழியைக் கிடைமட்டமாகப் பிடித்து, மேல்தளத்திலிருந்து கீழ்வாசல்வரை ஒவ்வொரு திருப்பத்திலும் அது சுவரில் முட்டாமல் திரும்புகிறதா எனப் பார்த்துவிடலாம். நோயாளியின் தூக்குக்கட்டிலுக்கும் அதே அளவுதான்.