கம்பியில்லாச் செய்தியும் கண்ணாடி இழையும்

போடிநாயக்கனூரிலும் அதற்கு மேற்கேயுள்ள ஏலமலைச் சரிவுகளிலும் கைப்பேசி இல்லாத குடியானவரைக் காண்பது இக்காலத்தில் அரிது. ஏலக்காய் விலை, மழை பற்றிய முன்னறிவிப்பு, வங்கிக் கணக்கு ஆகிய யாவும் அதன் வழியே வருகின்றன. இச்சாதனம் கம்பியின்றி வேலை செய்வதால், ஊருக்கு ஒரு கோபுரம் எழும்பிவிட்டால் போதும் என்று அநேகர் கருதுகின்றனர். கோபுரம் வேண்டி மனுச் செய்கிறவர்கள் அதற்குக் கேபிள் வருமா என்று விசாரிப்பதில்லை. உண்மையில் கம்பியில்லாப் பிரயாணம் கைப்பேசிக்கும் கோபுரத்திற்கும் இடையிலுள்ள சிறு தூரத்திற்கு மட்டுமே. அதற்கப்பால் செய்தி பெரும்பாலும் நிலத்தடியிலோ மின்கம்பங்களின் மேலோ செல்லும் கண்ணாடி இழைகளின் வழியாகவே போகிறது.

கைப்பேசித் திரையில் சமிக்ஞைக் கோடுகள் நிறைந்திருக்கும். ஆயினும் விலைப் பட்டியல் திறக்காது. மலைத் தோட்டங்களில் இது சாதாரண அனுபவம். வயலுக்கு நீர் விடும் மடை எவ்வளவு அகலமாயிருப்பினும் வரத்துக்கால் குறுகியிருந்தால் பாய்ச்சல் நடவாது அல்லவா? கோடுகள் காட்டுவது மடையின் அளவை. கோபுரத்திற்குப் பின்னாலுள்ள வரத்துக்கால் எத்தகையது என்பதை அவை காட்டுவதில்லை.

அந்த வரத்துக்கால் இரு வகைப்படும். ஒரு கோபுரத்திலிருந்து மற்றொரு கோபுரத்திற்கு நுண்ணலை மூலம் செய்தியை வீசுவது ஒன்று. கண்ணாடி இழை மற்றொன்று. நுண்ணலைக்கு இரு முனைகளும் ஒன்றையொன்று நேரே பார்த்திருக்க வேண்டும். இடையில் மலைமுகடு குறுக்கிட்டால் வேறொரு கோபுரம் அவசியமாகும். மேலும், உயர்ந்த அதிர்வெண்ணுள்ள அலைகளைக் கனமழை வலுவிழக்கச் செய்யும். தென்மேற்குப் பருவக்காற்று மோதும் இம்மலைகளில் இது சிறு குறையன்று. கண்ணாடி இழைக்கோ மலையும் மழையும் தடையல்ல. கண்ணாடி மின்சாரத்தைக் கடத்தாதாகையால் இடி மின்னலின் அதிர்ச்சி இழை வழியே பரவுவதுமில்லை. அது கொண்டு செல்லும் செய்தியின் அளவும் நுண்ணலையினும் பன்மடங்கு அதிகம்.

இழையின் தடிப்பு ஒரு மில்லிமீட்டரில் எட்டில் ஒரு பங்கு. அதன் நடுவே சுமார் 9 மைக்ரான் அளவுள்ள உட்கண்ணாடியில் ஒளி ஓடுகிறது. அதைச் சூழ்ந்த வெளிக்கண்ணாடி சற்று வேறு தன்மையுடையதாகையால், வெளியேற முயலும் ஒளி மீண்டும் உள்ளே திருப்பப்படுகிறது. பஞ்சாபில் பிறந்த நரிந்தர் சிங் கபானி இங்கிலாந்தில் செய்த ஆராய்ச்சியை 1954-ஆம் ஆண்டில் ஹாப்கின்ஸ் என்பவருடன் சேர்ந்து வெளியிட்டார். எனினும் அக்காலத்துக் கண்ணாடியில் 20 மீட்டர் செல்வதற்குள் நூற்றில் ஒரு பங்கு ஒளியே மிஞ்சிற்று. கண்ணாடியைச் சுத்தம் செய்தால் இக்குறை நீங்கும் என்று 1966-இல் சார்லஸ் காவ் எடுத்துக்காட்டினார்; 2009-இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. இப்பொழுதுள்ள இழையில் ஒளி 15 கிலோமீட்டர், அதாவது ஏறக்குறைய போடியிலிருந்து தேனி வரை, சென்ற பின்னும் பாதி எஞ்சுகிறது. ஆனால் போடிமெட்டுச் சாலையின் 17 கொண்டை ஊசி வளைவுகளில் வண்டி திரும்புவதுபோல் ஒளி திரும்பாது. இழையை இறுக்கி வளைத்தால் அந்த இடத்தில் ஒளி கசிந்துவிடும்.

இதனால் ஏலக்காய்க் குடியானவருக்கு என்ன லாபம் என்று கேட்கலாம். நறுமணப் பொருட்கள் வாரியத்தின் மேற்பார்வையில் நடைபெறும் ஏலக்காய் ஏலம் 2007-ஆம் ஆண்டு முதல் மின்னணு முறைக்கு மாறிற்று. (காய்க்கும் விற்பனைக்கும் தமிழில் ஒரே பெயர் வாய்த்திருப்பது இவ்வூராருக்குப் பழகிய வேடிக்கை.) 2021-இல் போடிநாயக்கனூரிலும் மலைக்கப்பால் இடுக்கி மாவட்டத்துப் புற்றடியிலும் உள்ள வியாபாரிகள் ஒரே சமயத்தில் விலை கேட்கும் நேரடி ஏலமும் தொடங்கப்பட்டது. இத்தகைய ஏலத்தில் ஒரு முனையில் இணைப்பு அறுந்தால் அங்குள்ளவர்களின் கேள்வி வந்து சேராது. கேட்பவர் குறைந்தால் விலை குறையும் என்பதைக் குடியானவருக்கு விளக்க வேண்டியதில்லை. ஓராண்டு உழைப்பின் விலை சில நொடிகளில் தீர்மானமாகும்போது, பாதையில் ஓரிடத்தில் இழை அறுந்திருப்பது தோட்டக்காரரின் நஷ்டமாகவே முடிகிறது.

தோட்டத்திற்குள் வைக்கும் கருவிகளும் இவ்வாறே. மண்ணின் ஈரத்தை அளக்கும் கருவிகளில் சில, 865 முதல் 867 மெகாஹெர்ட்ஸ் வரையுள்ள உரிமம் தேவைப்படாத அலைகளில், சிறு மின்கலத்தைக் கொண்டே சில கிலோமீட்டர் தூரம் செய்தி அனுப்பும். அச்செய்தியை வாங்கும் நிலையத்திற்குப் பின்னால் நல்ல இணைப்பு வேண்டும். பச்சைக் காயை உலர்த்தும் ஸ்டோரில் வெப்பத்தைக் கவனிக்கும் கருவி விஷயத்தில் ஓர் எச்சரிக்கை அவசியம். வெப்பம் மிகுந்தால் காயின் பச்சை நிறம் கெடும், வெடிக்கவும் கூடும். ஆகையால் அக்கருவி கைப்பேசிக்குச் செய்தி அனுப்புவதோடு நில்லாமல் ஸ்டோரிலேயே மணியடிக்கக் கூடியதாகவும் இருக்க வேண்டும். மின்சாரம் நின்றால் இழையின் முனையிலுள்ள சாதனமும் நின்றுவிடும். மழைக்கால இரவில் இணைப்பை மட்டும் நம்பியிருப்பது விவேகமல்ல.

கிராமங்களுக்கு இழை கொண்டுசெல்லும் மத்திய அரசின் திட்டம் 2011-இல் ஒப்புதல் பெற்று, 2015-இல் பாரத்நெட் என்று பெயர் மாற்றப்பட்டது. இம்மாநிலத்தில் 12,525 கிராம ஊராட்சிகளை இணைக்கும் பொறுப்பு தமிழ்நாடு பைபர்நெட் கழகத்தினுடையது. இங்கே கேபிளின் பெரும்பகுதி மின்கம்பங்களின் மேலேயே செல்கிறது. பள்ளம் தோண்டும் செலவு இதனால் குறைகிறது. ஆனால் ஆபத்து கிளைகளிலிருந்து வருகிறது. பருவமழைக்கு முன் நிழல் மரங்களைக் கவாத்துச் செய்வோர், கம்பத்தை ஒட்டிய கிளையைக் கயிறு கட்டி எதிர்ப்புறமாக இறக்குதல் வேண்டும். காய்ந்த சருகுகளைக் கேபிளுக்கு அடியில் குவித்து எரிப்பதும் கூடாது. தாமிரம் என்று எண்ணிக் கேபிளை வெட்டித் திருடுவோர் உண்டு. இதில் விற்றுக் காசாக்கத் தாமிரம் இல்லை என்பதைக் கிராமத்தில் தண்டோரா மூலம் அறிவித்தாலும் தகும்.

நிலத்தடிக் கேபிள் மண்பாங்கான இடத்தில் ஏறக்குறைய 1.65 மீட்டர் ஆழத்திலும், பாறையில் அதனினும் குறைவாகவும் புதைக்கப்படும். குழாய் பதிக்கவோ சாலையை அகலப்படுத்தவோ இயந்திரம் வைத்துத் தோண்டுமுன், 2023 மார்ச்சில் தொடங்கப்பட்ட ‘தோண்டுமுன் அழையுங்கள்’ என்னும் மத்திய அரசின் செயலி வழியே அறிவித்தால், அவ்விடத்தில் கேபிள் உள்ளவர்களுக்குத் தகவல் போகும். ஊராட்சித் தலைவர்களும் கிராம நிர்வாக அலுவலர்களும் ஒப்பந்தக்காரரிடம் இதை வற்புறுத்துவது நலம். 2025 ஜனவரி முதல் அமலிலுள்ள வழியுரிமை விதிகளின்படி, பட்டா நிலத்தில் கேபிள் செல்ல நிலச் சொந்தக்காரருடன் உடன்பாடு தேவை. இதனால் நிலத்தின் உரிமை மாறுவதில்லை. ஆகவே வீண் அச்சத்தால் மறுக்கவும் வேண்டாம். எழுத்துமூல உடன்பாடின்றிச் சம்மதிக்கவும் வேண்டாம்.

அறுந்த கேபிளை முறுக்கி இணைக்க முயல்வதில் பயனில்லை. இழைகளை ஒவ்வொன்றாக உருக்கி ஒட்டுவதற்குத் தனிக் கருவி உண்டு. உடைந்த துணுக்குகள் தோலில் ஏறினால் எடுப்பது கடினம். இழையின் முனையைக் கண்ணருகே வைத்துப் பார்த்தலும் தவறு. அதில் ஓடும் ஒளி கண்ணுக்குத் தெரியாதது. ஆனால் விழிக்குக் கேடு செய்யக்கூடும். கால்நடைகளும் சிறுவர்களும் அணுகாதவாறு அவ்விடத்தில் முள் வேலியிட்டு, அருகிலுள்ள கம்பத்தின் எண்ணைக் குறித்து, ஊராட்சி அலுவலகத்திற்கு உடனே தெரிவிக்க வேண்டும்.