தலைக்கு மேல ஒரு துளை!

தருமபுரி மாவட்டத்துல போர் போடுறதைப் பார்க்காத ஆளே இருக்க முடியாது. ரிக் வண்டி வந்து நிக்கும். கம்ப்ரசர் அலறும். கல்மாவு புகையா பறக்கும். பென்னாகரமோ, அரூரோ... தண்ணி வருமாங்கிற டென்ஷன்ல ஊரே சுத்தி நிக்கும். அந்தத் துளையை அப்படியே தலைகீழா யோசிங்க ஃப்ரெண்ட்ஸ்! பூமிக்கு அடியில நின்னு, தலைக்கு மேல இருக்கிற பாறையில துளை போடணும். இங்கே டென்ஷன் தண்ணிக்கு இல்லை, உயிருக்கு!

நெய்வேலி திறந்தவெளிச் சுரங்கம். ஆனா தெலங்கானாவின் சிங்கரேணியிலும், ஜார்க்கண்டின் ஜாரியாவிலும் நிலத்தடியிலயும் நிலக்கரி வெட்டுறாங்க. தாங்கிட்டிருந்த நிலக்கரியை எடுத்ததும், மேலே அடுக்கடுக்கா இருக்கிற மணற்பாறையும் களிப்பாறையும் தொய்ஞ்சு பிரிய ஆரம்பிக்கும். இந்திய நிலத்தடி நிலக்கரிச் சுரங்கங்கள்ல பல உயிர்களைப் பறிச்சது இந்தக் கூரைச் சரிவுதான்.

முன்னாடி மரத்தால முட்டுக் கொடுத்தாங்க. இப்போ 'ரூஃப் போல்ட்'. கூரையில ஒன்றரை மீட்டர் அளவுக்குத் துளை போட்டு, ரெசின் அல்லது சிமென்ட் கேப்ஸ்யூலைச் செருகி, இரும்புக் கம்பியை ஏத்திடுவாங்க. ஒரு நோட்டை ரெண்டு முனையிலயும் தாங்கிப் பாருங்க, நடுவுல தொய்யும். அதே தாள்களைப் பசை போட்டு ஒட்டிட்டா? பலகை! போல்ட் செய்யுறதும் அதேதான்.

சரி, துளையைச் சீக்கிரம் போட என்ன வழி? 'இன்னும் பலமா அழுத்து' என்பது பதில் இல்லை பாஸ்!

அழுத்தம்: குறைஞ்சா பிட் பாறையைச் சும்மா உரசித் தேயும். அதிகமானா ராடு வளையும், சிக்கும். பாறைக்கு ஏத்த அழுத்தமும் சுழற்சி வேகமும் வேணும்.

பிட்: நம்ம ஊர் கருங்கல்லுக்கு அடிச்சு உடைக்கிற ஹேமர். அங்கே இருக்கிற படிவுப் பாறைக்குப் பெரும்பாலும் சுழன்று சீவுற டங்ஸ்டன் கார்பைடு பிட் போதும். மழுங்கினா உடனே மாத்தணும்.

தண்ணீர்: துளையில தூள் அடைச்சா வேகம் செத்துடும். தண்ணீர் விட்டா தூளும் வெளியேறும், பிட்டும் சூடாகாது. நுரையீரலைக் கெடுக்கிற தூசியும் அடங்கும்.

அளவு: 22 மி.மீ. கம்பிக்கு 28 மி.மீ. துளை போடுவது வழக்கம். ரொம்பப் பெருசானா ரெசின் சரியா கலக்காது. பிடிப்பு இல்லாத துளை எவ்வளவு வேகமா போட்டாலும் வேஸ்ட்!

ஒரு கணக்கு பாருங்க. துளைக்கு ஒரு நிமிஷம் மிச்சம்னா, 40 துளைக்கு 40 நிமிஷம். இன்னும் முட்டு முழுசா ஏறாத கூரைப் பக்கத்துல ஒரு தொழிலாளி நிக்கிற நேரம் அவ்வளவு குறையும். அதுக்காகத் துளை எண்ணிக்கையைக் குறைச்சு நேரம் மிச்சம் பிடிச்சா, அது அவர் உயிரோட விளையாடுற வேலை.

இதைப் படிக்க ஆசையா? சென்னை கிண்டி பொறியியல் கல்லூரியில மைனிங் இருக்கு. தன்பாத்ல 1926-ல் தொடங்கிய ஐ.எஸ்.எம்., 2016-ல் ஐ.ஐ.டி. ஆச்சு. கேர்ள்ஸ், உங்களுக்கும் கதவு திறந்தாச்சு! நிலத்தடிச் சுரங்கத்துல தொழில்நுட்ப, மேற்பார்வைப் பணிகளுக்குப் பெண்களும் பகல் நேரத்துல போக 2019-ல் அனுமதி கிடைச்சது.

மெக்கானிக்கல், எலெக்ட்ரானிக்ஸ் மாணவர்களே, ஃபைனல் இயர் ப்ராஜெக்ட்டுக்குத் தலைப்பு தேடுறீங்களா? துளையிடும்போது அழுத்தம், முறுக்கு விசை, வேகம் மூணையும் சென்சார்ல அளந்தா, மேலே எந்த அடுக்கு கெட்டி, எங்கே விரிசல்னு ஊகிக்கலாம். ஆரம்பிச்சுடுங்க!